12 நாளில் எடுத்த ஒரு கறுப்பினக் காதல் நகைச்சுவை: மட்டக்களப்பில் சின்னப் படம் எடுப்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

வாவிக்கரை எழுதியது:

அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீயின் முதல் முழுநீளப் படம் ‘ஷீஸ் கொட்டா ஹாவ் இட்’ பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. 1986 இல் வந்த படம். நியூயோர்க்கின் புறூக்ளினில் வாழும் நோலா டார்லிங் என்ற கறுப்பினப் பெண் ஒரே காலத்தில் மூன்று பேருடன் பழகுகிறாள். மூன்று பேருக்கும் அவள் தனக்கு மட்டும் வேண்டும். ஏறத்தாழ 175,000 டொலரில், 12 நாளில் எடுத்த இந்தப் படம் அமெரிக்காவில் 70 இலட்சம் டொலர் அளவில் வசூலித்தது.

மட்டக்களப்பில் எங்கள் குழு 20 நிமிடக் காதல் நகைச்சுவை ஒன்று எடுக்கப்போகிறது. கையில் இருப்பது ஒரு ஃபோன், சட்டையில் குத்தும் இரண்டு வயர்லெஸ் மைக், ஒரு முக்காலி. இந்தப் படத்தையே மாதிரியாக வைப்போம் என்கிறார்கள் பாதிப்பேர். நடிப்பு விறைப்பு, வசனம் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, கடைசிப் பகுதியில் வரும் வன்முறைக்குப் பிறகு சிரிப்பே வரவில்லை என்கிறார்கள் மற்றவர்கள்.

காசில்லாமல் வந்த குறை எது, இயக்குநர் தெரிந்தே செய்தது எது? நாங்கள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கறுப்புவெள்ளை எழுதியது:

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். படம் 84 நிமிடம், படப்பிடிப்பு 12 நாள். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் 7 நிமிடம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்து பேசும் சாதாரணக் காட்சிக்கே மூன்று கோணம் தேவை: இருவரும் தெரிய ஒன்று, ஆளுக்கொரு கிட்டக் கோணம். ஒவ்வொன்றுக்கும் கமராவையும் விளக்கையும் இடம் மாற்ற அரைமணி போகும். அந்தப் போக்கில் 7 நிமிடம் சேராது.

அதற்குத்தான் பாத்திரங்கள் நேரே கமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நோலா கட்டிலில், அவளோடு பழகும் மூவரில் ஒருவனான ஜேமி பூங்கா வாங்கில். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு வெளிச்சம். இடம் தெரிந்த உடனே யார் பேசப்போகிறார் என்றும் தெரிந்துவிடும். காசைச் சேமிக்கச் செய்த வேலை கதைக்கும் பொருந்திவிட்டது. நோலாவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு சாட்சி சொல்கிறார்கள், எவருடையதும் முழுசாக ஒத்துப்போகவில்லை. ஆண்கள் வரிசையாக வந்து பெண்ணை மடக்கும் வசனங்களைக் கமராவுக்குச் சொல்லும் பகுதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரே ஒரு ஷொட்தான். ஒருவன் முடித்த மூச்சில் அடுத்தவன் தொடங்குவான், சிரிப்பு அந்த வெட்டில் பிறக்கிறது. எடிட்டும் லீயேதான். தொடக்கத்தில் வரும் புறூக்ளின் நிழற்படங்கள் அவருடைய தம்பி டேவிட் லீ எடுத்தவை, இசை தகப்பன் பில் லீ. சிக்கனம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று இப்போது தெரியும்.

இப்படி மிச்சம்பிடித்த நேரம் எங்கே போனது? மூன்று ஆண்களையும் நோலா ஒரே மேசையில் இருத்தும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு. அங்கே பார்வைகள் குறுக்கும் மறுக்கும் போகவேண்டும், கோணங்கள் தேவை. உங்கள் 20 நிமிடத்திலும் அப்படி ஒரு காட்சியை மட்டும் தெரிவுசெய்து அதற்கு முழு நாள் ஒதுக்குங்கள்.

விறைப்பைப் பற்றி: மூவரில் இன்னொருவனான கிரியரின் விறைப்பு பாத்திரத்தோடு சேர்ந்தது, அவன் கண்ணாடியைக் காதலிக்கிற மொடல். ஜேமியின் நீண்ட பேச்சுகள் எனக்கும் பாரமாகத்தான் இருக்கின்றன. 16 மில்லிமீற்றர் ஃபிலிமில் ஒவ்வொரு ரேக்கும் (ஒரு ஷொட்டை ஒருமுறை எடுப்பது) காசு, பிடிக்கும்வரை திருப்பித் திருப்பி எடுக்க முடியாது. ஃபோனில் எடுப்பவருக்கு அந்தச் சாட்டு இல்லை. படத்தில் வண்ணமாக வரும் ஒரே பகுதி பிறந்தநாள் நடனம். அழகுதான், ஆனால் நகைச்சுவையின் ஓட்டம் அங்கே தடக்குகிறது. 20 நிமிடப் படத்துக்கு அப்படி ஒரு நிறுத்தம் தாங்காது.

நேரே பார்த்துப் பேசும் முறையை எடுப்பதென்றால் சில விசயங்கள். ஃபோனின் அகலக் கோணத்தில் கிட்டப் போனால் மூக்கு பெருத்துத் தெரியும். 2 மடங்கு லென்ஸைப் போட்டு 2 மீற்றர் தள்ளி நில்லுங்கள். பின்பக்கக் கமராவையே பாவியுங்கள். முன்பக்கத்தில் எடுத்தால் நடிகர் லென்ஸை விட்டுத் தன் முகத்தைப் பார்ப்பார், திரையில் கண் சறுக்கியது அப்படியே தெரியும். கேள்வி கேட்பவர் ஒருவரை லென்ஸுக்குப் பக்கத்தில் இருத்தினால் பேச்சு ஒப்புவிப்பாக வராது. பேச்சுக்கு முன்னும் பின்னும் 3 செக்கன் ஓடவிடுங்கள், வெட்டுவதற்கு இடம் வேண்டும்.

பாடுமீன் எழுதியது:

படம் கொஞ்சம் இருட்டா இருந்தாலும் சனம் பொறுக்கும். கதைக்கிறது விளங்கல்லண்டா அஞ்சு நிமிசத்தில எழும்பிப் போயிரும். நகைச்சுவைக்கு இது இன்னும் மோசம், ஒரு சொல் விழுந்தாலே சிரிப்பு போயிற்று. அதனால நான் சத்தத்தப் பத்தித்தான் சொல்லப்போறன்.

கல்லடிப் பாலத்தில ரெண்டு பேர் நடந்து கதைக்கிற காட்சி எண்டு எழுதியிருப்பீங்க, மட்டக்களப்பில படம் எடுக்கிற எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கு. பழைய பாலத்துக்குப் பக்கத்திலயே புதுப்பாலம், வாகனச் சத்தம் ஓயாது, வாவிக் காத்து மைக்கில நேரே அடிக்கும். அங்க வசனம் பதிய வேணாம். தூரத்தில இருந்து, முதுகுப்பக்கமா, வாயசைவு தெரியாத மாதிரி நடக்கிறத எடுங்க. வசனத்த அண்டைக்கே பின்னேரம் ஒரு அறையில மெத்தையும் போர்வையும் சுத்திவர நிறுத்திப் பதிஞ்சு மேல போடலாம். நடையின்ட வேகம் மறக்க முதல் பதியணும், இல்லாட்டி மூச்சு பொருந்தாது.

மத்த இடங்களுக்கு: மைக்க நாடியில இருந்து ஒரு சாண் கீழ குத்துங்க. கஞ்சி போட்ட சேலையும் சங்கிலியும் உரசும், உள்ளுக்க துணி பிளாஸ்ரர் ஒட்டி வயர அசையாமப் பண்ணணும். பதிவு 48 கிலோஹேர்ட்ஸில, உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிக்கட்டும். கத்துற வசனம் இருந்தா அதத்தான் முதல் சொல்லவச்சு அளவு வைக்கணும், மெல்லக் கதைக்கிறதுக்கு வச்சா கத்தும்போது கிழியும், கிழிஞ்சத எந்தச் செயலியாலும் தைக்க ஏலாது. ஃபானையும் ஃபிரிட்ஜையும் நிப்பாட்டுங்க. ஒவ்வொரு இடத்திலயும் ஒருத்தரும் கதைக்காம 30 செக்கன் சும்மா பதிஞ்சு வைங்க, வெட்டு விழுற இடத்துக்கு அடியில அதத்தான் போடுறது. பாண் விக்கிற ஓட்டோ பாட்டோட வந்தா உடனே நிப்பாட்டிருங்க. வசனத்துக்குப் பின்னால பாட்டு ஓடினா ரெண்டு ரேக்க வெட்டி ஒட்டேலாது, பாட்டு குதிக்கும். கோயில் ஒலிபெருக்கியும் பாங்கும் எப்ப எண்டு முதலே தெரியும், அதுக்கேத்த மாதிரி நேரத்தப் போடுங்க.

வெளிச்சம்: கடற்கரைக் காட்சிய காலமை 8 மணிக்கு முன்னம் முடிங்க. சூரியன் கடல்பக்கம், கமரா கடலப் பாத்தா முகம் கரிக்கும். ஆக்கள கடலப் பாக்கவச்சு நீங்க கடலுக்கு முதுகு காட்டுங்க. பின்னேரம் வாவிப்பக்கம் மாறலாம். மே மாசத்துக்குப் பிறகு கச்சான் காத்து தொடங்கினா மைக்குக்கு ஸ்பொஞ்ச் காணாது, மயிர்த்தோல் உறை வேணும். வீட்டுக்குள்ள செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் செக்கன்ல 50இல ஒண்டு. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், 30 பிரேமில தானியங்கியா விட்டா எல்ஈடி வெளிச்சம் துடிக்கும்.

ஒளிப்பதிவு செஞ்ச ஏர்னஸ்ட் டிக்கர்சன் இந்தப் படத்தில கறுத்த முகங்கள எடுத்த விதத்தப் பாருங்க. எங்கட நிறத்துக்கும் அதுதான் பாடம். ஆள வெள்ளச் சுவரோட ஒட்டி நிப்பாட்டினா ஃபோன் சுவருக்கு அளவெடுத்து முகத்த இருட்டாக்கும். சுவரவிட்டு ரெண்டு மீற்றர் முன்னுக்கு எடுத்து, பக்கவாட்டில ஒரு வெள்ள ரெஜிஃபோம் பலகையால வெளிச்சத்தத் திருப்பிவிட்டு, ஃபோன் திரையில முகத்தத் தொட்டு எக்ஸ்போஷர (வெளிச்ச அளவ) பூட்டுங்க. கறுப்புவெள்ளையா எடுக்கிறதெண்டா உடுப்ப முதலே ஃபோன்ல பாத்துக்கொள்ளுங்க. சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாப் போகும்.

அக்கரைப்பற்று வாசகி எழுதியது:

நீங்கள் இருவரும் சொன்ன தொழில்நுட்பத்தோடு எனக்குப் பிணக்கில்லை. படத்தை அப்படியே மாதிரியாக வைப்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

நோலா தன் விருப்பத்துக்கு வாழும் பெண் என்று தொடங்குகிறது. பிறகு ஜேமி அவளைப் பலவந்தம் செய்கிறான், படம் அதைக் காதல் சண்டையின் ஒரு கட்டம் போலக் கடந்துபோகிறது. இது பட்ஜெட்டால் வந்த குறை அல்ல, எழுத்தில் உள்ள பிழை. 2014 இல் ஸ்பைக் லீயே தன் படங்களில் மாற்ற விரும்புவது அந்தக் காட்சியைத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2017 இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக அவரே திரும்ப எடுத்தபோது அது இல்லை. இளையவர்களுக்குத் திரையிடுவதென்றால் 18 வயதுக்கு மேல் மட்டும் வைத்து, விளக்கை அணைக்க முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் வெட்டிப் போட்டால் ஜேமியின் பிற்பகுதியே விளங்காது.

உங்கள் கதைக்கு நெருங்கியது ‘ரை லேன்’ என்று நினைக்கிறேன், வாவிக்கரைத் தம்பி. 2023, ரெய்ன் அலன்-மில்லரின் முதல் படம், 82 நிமிடம். தென் லண்டனில் பெக்கம், பிறிக்ஸ்ரன் தெருக்களில் காதல் முறிந்த இரண்டு கறுப்பின இளையவர்கள் ஒரே நாளில் நடந்து திரிகிறார்கள். 175,000 டொலர்ப் படத்தைவிட வசதியானதுதான், ஆனால் எலும்பு ஒன்றே: இரண்டு ஆள், ஒரு ஊர், ஒரு நாள். இன்னும் ஏழையான படம் வேண்டுமென்றால் பாரி ஜென்கின்ஸின் ‘மெடிசின் ஃபோர் மெலன்கொலி’, 2008, சான் பிரான்சிஸ்கோ, 15,000 டொலர் அளவில் எடுத்தது. அதில் சிரிப்புக் குறைவு. சைக்கிளில் ஊர் சுற்றும் பகுதிகளைப் பாருங்கள், வாவிக்கரை வீதிக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேணும். லண்டனில் இருவர் சேர்ந்து நடக்கக் காரணம் தேவையில்லை. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ கலியாணம் ஆகாத இருவர் நாள் முழுக்க ஒன்றாக நடந்தால் மூன்றாவது சந்தியில் யாரோ ஒரு மாமி கண்டுவிடுவா. உங்கள் நகைச்சுவையின் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது, செலவும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் சேர்ந்திருக்க ஒரு சாட்டு எழுதுங்கள்: நூலகத்தில் ஒரே புத்தகம், கல்முனை பஸ்ஸில் மிஞ்சிய ஒரே சீற், கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) ஒரே வரிசை. சாட்டு ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பலவீனமாகப் போகட்டும். கடைசிச் சாட்டைக் கேட்டு அவர்களுக்கே சிரிப்பு வரவேணும்.

பெண்ணுக்கு அன்றைக்கு அவனோடு சம்பந்தமில்லாத ஒரு அலுவல் இருக்கட்டும், அது முடியவும் வேணும். மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணை விளக்குகிற அமைப்பை எடுத்தீர்களென்றால் அவள் வெறும் விடுகதையாகிவிடுவாள்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா, சாட்டு விசயம் எங்களுக்குத் தட்டுப்படவே இல்லை, மிக நன்றி. ஒரு கேள்வி மட்டும்: நாளைக்கு 7 நிமிடம் என்று பார்த்தால் 20 நிமிடத்துக்கு 3 நாள் போதுமா?

கறுப்புவெள்ளை எழுதியது:

போதாது, 5 நாள் வையுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று பிரதி 18 பக்கம், தலைப்புகளோடு 20 வரும். முதல் நாள் நேரே பேசும் காட்சிகள் எல்லாம் ஒரே வீட்டில், நடிகர்களுக்கும் வாய் பழகும். இரண்டாம், மூன்றாம் நாள் நடை, காலை 6 முதல் 8, பின்னேரம் 4 முதல் 6 மட்டும்; நடுப்பகலில் வசனப் பதிவு. நான்காம் நாள் அந்தப் பெரிய காட்சி. ஐந்தாம் நாள் மழைக்கும் விட்டுப்போனதற்கும். கார்த்திகை, மார்கழியில் வைக்கவே வேண்டாம்.

பஸ் காட்சியை ஓடும் பஸ்ஸில் எடுக்காதீர்கள். எஞ்சின் சத்தத்தில் வசனம் போகும், ஏறி இறங்குபவர்கள் ரேக்குக்கு ரேக் மாறுவார்கள். நிறுத்திய பஸ்ஸில் யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மட்டும் தெரிய எடுத்து, ஒருவர் சீற்றை மெல்ல ஆட்டினால் போதும். அக்கா சொன்ன மாமியை மட்டும் நன்றாக நடிக்கக்கூடியவராகப் பிடியுங்கள், வசனமே இல்லாமல் பார்வையால் நாலு இடத்தில் வரவேண்டியவர் அவர்.