வைட்டமின்: கடைசி 'இ' எங்கே போனது?

கேள்வி:
வைட்டமினில் உள்ள 'மின்' மினரலின் சுருக்கமா? பழைய ஆங்கிலக் கட்டுரைகளில் இச்சொல்லின் இறுதியில் கூடுதலாக ஓர் 'இ' (e) இருக்கிறதே, அச்சுப்பிழையா?

பதில் 1:
மினரலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பிரிக்கும் இடம்தான் தவறு: 'வீட்டா' + 'அமின்'. லத்தீனில் வீட்டா என்றால் உயிர். அமின் என்பது அம்மோனியாவை அடியாகக் கொண்ட, நைட்ரஜன் உள்ள சேர்மம். பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளை அரிசித் தவிட்டில் தேடிய உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க், 1912-இல் அந்த 'இ'யோடுதான் பெயர் வைத்தார். அச்சுப்பிழை அல்ல.

பதில் 2:
வைட்டமின்கள் எல்லாமே அமின் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் 1920-இல் உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் 'இ'யை நீக்கச் சொன்னார். 'ஐ-என்-இ' (ine) என முடிந்தால் அமின் என்று பொருள்படும். 'ஐ-என்' (in) என்று நிறுத்தினால் வேதியமைப்பைப் பற்றி எந்த உறுதியும் தராது. அருமையான தீர்வு! பழகிய பெயரும் போகவில்லை, பிழையும் போயிற்று. வைட்டமின் சி-யைப் பாருங்கள்: 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். நைட்ரஜன் ஒன்றுகூடக் கிடையாது.

பதில் 3:
வைட்டமின் பி1 ஃபங்க் நினைத்தபடியே உண்மையான அமின். அதன் பெயர் தயமின். கிரேக்கத்தில் 'தெயோன்' என்றால் கந்தகம். மூலக்கூறில் 4 நைட்ரஜனும் 1 கந்தகமும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குக் கடைசி 'இ' போடலாம், விட்டும் எழுதுகிறார்கள்.