ஸ்ரீராமபுரத்துச் சிறுமிகளுக்கு நாப்கின் வழங்கும் எண்ணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

மல்லேஸ்வரத்துக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் இவ்வாண்டுப் பொங்கல் விருந்தை எளிமையாக முடித்துக்கொண்டு, மிஞ்சிய தொகையோடு கைப்பணமும் சேர்த்து 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்மணி பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். அவருடைய மூத்த மகள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போவதில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் இந்த எண்ணத்துக்குத் தொடக்கம். அவர் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பத்து முதல் பதினாறு வயதுவரை ஏறக்குறைய 120 சிறுமிகள் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறோம். மே 28, உலக மாதவிடாய் சுகாதார நாளன்று அவர்கள் படிக்கும் பள்ளியிலேயே ஒரு மருத்துவரைப் பேசவைத்து, ஒவ்வொருவருக்கும் ஓராண்டுக்குரிய நாப்கின்களை வழங்கலாம் என்பது திட்டம். எதை வாங்குவது, எந்த மொழியில் பேசுவது, தாய்மார்கள் ஆட்சேபிப்பார்களா என்பவற்றில் எங்களுக்குத் தெளிவில்லை. எங்கள் குழுவில் ஆண்களே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் முதலில் தேதியை மாற்றுங்கள். மே 28 அன்று கர்நாடகப் பள்ளிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் தெருக்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது வேலூருக்கோ தர்மபுரிக்கோ பாட்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள். விழா நாளில் வருகிறவர்கள் விழாவோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதை முப்பதாண்டுப் பணியில் பலமுறை பார்த்துவிட்டேன். ஒருமுறை ஒரு குழுவினர் மாணவிகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, கையில் பொட்டலத்தோடு புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பெண்களைப் பையன்கள் கேலி செய்ததால், இரண்டு பேர் பள்ளிக்கு வரவே மறுத்துவிட்டார்கள்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் வழங்கக் கர்நாடக அரசின் சுச்சி திட்டம் இருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன அது 2024இல் மீண்டும் தொடங்கியது. அந்தப் பள்ளிக்குப் பொட்டலங்கள் ஒழுங்காக வருகின்றனவா, வந்தும் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு, எது குறைகிறதோ அதற்குச் செலவிடுங்கள். பெண் பிள்ளைகள் அந்த மூன்று நாள் வீட்டில் தங்குவதற்கு நான் கண்ட பெரிய காரணம் கழிப்பறைதான். தாழ்ப்பாள் இல்லாத கதவு, குழாய் இருந்தும் வராத தண்ணீர், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள கூடை இல்லாமை ஆகிய மூன்றும் இருக்கும்வரை, பையில் எத்தனை நாப்கின் இருந்தாலும் அவள் காலையில் வைத்ததை மாலைவரை மாற்றமாட்டாள்.

மொழியைக் கேட்டீர்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடத்தில் படிக்கிறவர்கள். உடற்கூறு பாடத்தைக் கன்னடத்தில் ஒப்பிப்பார்கள். தனக்கு வலிக்கிறது என்பதைத் தமிழில்தான் சொல்வார்கள். கன்னடத்தில் மாதவிலக்கை முட்டு என்பார்கள். நம் பாட்டிமார் மாதவிலக்குத் துணிக்குச் சொன்ன முட்டுச்சீலையில் இருப்பதும் அதே சொல்தான் என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்ததும், அதன்பிறகு கேள்விகள் தாமாக வந்ததும் நினைவிருக்கிறது. தாய்மார்களைத் தனியே முன்கூட்டி அழைத்துப் பேசுங்கள். ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிற அதே தாய், மறுமாதத்திலிருந்து மகளைத் தனிப் பாயில் படுக்கவைப்பதும் உண்டு. அவளைக் குற்றவாளியாக்கிப் பேசினால் மறுமுறை கதவைத் திறக்கமாட்டாள்.

கோரமங்கலா இளைஞன் எழுதியது:

கோவை அருணாசலம் முருகானந்தம் அவர்கள் உருவாக்கிய குறைந்த விலை நாப்கின் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், தாய்மார்களுக்கு வருமானமும் கிடைக்கும் அல்லவா? அல்லது உடலுக்குள் வைத்துக்கொள்ளும் மாதவிடாய்க் கிண்ணம் வழங்கினால் ஒன்றே பல ஆண்டுகள் உழைக்குமே?

உலர்கழிவு மையத் தன்னார்வலர் எழுதியது:

தம்பி, இயந்திரம் என்பது ஒரு தொழில். மூலப்பொருளை வாங்கவும், மின்சாரத்துக்குக் கட்டவும், செய்ததை மாதாமாதம் விற்கவும் ஆள் இருக்கிற சுய உதவிக் குழுவுக்கு அது பொருந்தும். நன்கொடை கொடுத்துவிட்டு விலகப்போகும் குழுவுக்குப் பொருந்தாது.

நான் சொல்ல வந்தது வேறு. 120 சிறுமிகள், மாதத்துக்கு இருபது வீதம், ஓராண்டுக்கு என்று கணக்கிட்டால் 28,800 நாப்கின்கள். மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி) கிடைக்கும் சுவிதா நாப்கின் 2019 முதல் ஒரு ரூபாய்க்கு விற்பதால் பணம் போதும். ஆனால் அத்தனையும் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமான நாப்கினில் நெகிழி நிறையவே இருக்கிறது. ஈரக்கழிவுக்கு ஒரு தொட்டி, உலர்கழிவுக்கு ஒரு பை என்று வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் பெங்களூரின் இரண்டு தொட்டி ஒரு பை முறையில் இதற்கென்று சிவப்புத் தொட்டி இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தால், கையில் எடுப்பவருக்கு அது என்ன என்று தெரியும். சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. ஆனாலும் எங்கள் மையத்துக்கு வரும் உலர்கழிவுப் பைகளுக்குள் சுற்றாமல் போட்ட நாப்கின்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வெறுங்கையால் பிரிக்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் குறிப்பிடும் தெருக்களில் பௌரகார்மிகர்களாக, அதாவது துப்புரவுப் பணியாளர்களாக, வேலை பார்க்கும் தாய்மார்கள் இருந்தால் இதை அவர்களிடமே கேளுங்கள். மகளுக்கு நீங்கள் கொடுப்பது தாயின் கைக்கே திரும்பி வரக்கூடும். பள்ளியில் எரிகலன் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். போதிய வெப்பம் இல்லாத சிறு எரிகலனில் நெகிழியை எரித்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும்.

செவிலியர், அல்சூர், எழுதியது:

துணியைத் தாழ்வாகப் பேசவேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பாவாடைக்கு அடியில் மறைத்து, ஈரம் காயாமல் மறுபடி உடுத்தும்போதுதான் அரிப்பும் தொற்றும் வருகின்றன. ஆகவே கொடியில் உலர்த்த ஓர் இடமும் அதற்கான துணிவும் வேண்டும். டெல்லியில் கூஞ்ச் அமைப்பு பழைய துணியிலிருந்து நாப்கின் தைத்து, அதைச் சாக்காக வைத்தே கிராமப் பெண்களிடம் பேச்சைத் தொடங்கியது நல்ல முன்மாதிரி. மாதவிடாய்க் கிண்ணம் சிறந்ததுதான். ஆனால் கொதிநீரில் சுத்திகரிக்கவும் தனிமையில் மாற்றவும் வசதி வேண்டும் என்பதால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முதல் தேர்வாக நான் கொடுக்கமாட்டேன். விரும்பும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் தள்ளிப்போவது இயல்பு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அது தெரியாததால் வீட்டில் தேவையில்லாத சந்தேகங்களும் அடிகளும் விழுகின்றன. வலியில் சுருண்டு வாந்தி எடுத்தாலோ, மணிக்கொருமுறை மாற்றவேண்டிய அளவு போக்கு இருந்தாலோ மருத்துவரிடம் அனுப்பவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கவேண்டிய நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று யாரும் சொல்லாததே காரணம். மதிய உணவுக்குப் பின் போடச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆண்கள் பற்றி: தாராளமாக வாருங்கள், ஆனால் பெண் பிள்ளைகளின் அறைக்குள் வேண்டாம். பக்கத்து அறையில் பையன்களிடம் பேச ஆள் கிடைப்பதே அரிது.

மல்லேஸ்வரத்துக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வீட்டுவேலைக்கு வரும் அந்தப் பெண்மணியையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு நேற்று பள்ளிக்குப் போனோம். மாணவிகளுக்கான மூன்று கழிப்பறைகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்றாவதைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் அந்தச் சாவியை ஆண் எழுத்தரிடம்தான் கேட்டு வாங்கவேண்டுமாம். தலைமையாசிரியை சங்கடத்தோடு ஒப்புக்கொண்டு, பழுதுபார்க்க எழுத்துப்பூர்வமாக அனுமதி தந்தார். கூட்டத்தை ஜூன் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளியிருக்கிறோம். நாப்கினுக்கு மூன்று மாதத் தொகையை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியில் கதவுகளும் தண்ணீர்த் தொட்டியும் மூடியுள்ள கூடைகளும் முதலில் வரும். கூடைகளை யார் காலிசெய்வார்கள் என்று அந்தப் பெண்மணி அங்கேயே கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

தாய்மார்களைச் சந்திக்க ஞாயிறு மாலை நான்கு மணிதான் தோதாக இருக்கும் என்கிறார்கள். அல்சூர்ச் சகோதரி ஒரு ஞாயிறு வர இயலுமா? தமிழும் கன்னடமும் தெரிந்த வேறு செவிலியர் யாரேனும் ஜூலையில் வர முடிந்தாலும் இங்கே எழுதுங்கள்; அழைத்துவர வண்டி அனுப்புகிறோம்.