மறு: ‘ஸ்டெரைல் காக்பிட்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:
கேபின் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். எஸ்ஓபிக்கு ‘நிலையான இயக்க நடைமுறை’ என்று போட்டாயிற்று, அதில் சண்டை வேண்டாம். சிக்கல் ஸ்டெரைல் காக்பிட்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போதும், ஏறி இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாததைப் பேசக்கூடாது என்கிற விதி. பழைய கையேட்டில் ‘மலட்டு விமானி அறை’ என்று இருக்கிறது. வகுப்பே சிரித்ததாம்.

க. எழுதியது:
‘மோன அறை’ போதும். விமானியும் வடசொல்லே. புறநானூறு 27இல் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ (வலவன் என்றால் ஊர்தியைச் செலுத்துபவன்) இருக்க, நமக்கு ஏன் கடன்? குமரன் + கோட்டம் = குமரகோட்டம் போல, வலவன் + அறை னகரம் கெட்டு ‘வலவறை’ ஆகும்.

வ. எழுதியது:
ஆகாது. வருமொழி உயிரில் தொடங்குகிறதே; வலவ + அறை = வலவவறை. ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மோனம் மட்டும் எந்த ஊராம்? மௌனத்தின் திரிபுதானே? அப்புறம், ‘வல’ என்றால் வலப்பக்கம் என்று நினைப்பார்கள்; கேப்டன் உட்காருவதோ இடப்பக்க இருக்கையில்!

ம. எழுதியது:
பல வருடம் கேபினில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். மோனம் தப்பு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. அந்த நேரத்தில்தான் உள்ளே பேச்சு அதிகம். ஒருவர் செக்லிஸ்டைப் படிக்க, மற்றவர் பதில் சொல்வார். ‘பாசிட்டிவ் ரேட்’ (விமானம் மேலே ஏறுகிறது), ‘கியர் அப்’ (சக்கரங்களை உள்ளே மடக்கு) எல்லாம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தடை வெட்டிப் பேச்சுக்குத்தான். 1974இல் அமெரிக்காவின் சார்லட்டில் இறங்கும்போது விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். உயரத்தைக் கவனிக்காமல் விமானம் விழுந்தது. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் 1981இல் அங்கே இந்த விதி வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1989, கனடாவின் ட்ரைடன். இறக்கையில் பனி படிந்திருந்ததைப் பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள், விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. விமானம் விழுந்து 24 பேர் போனார்கள். ‘மோன அறை’ என்று பழக்கினால் கேபினில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விமானிகளை அழைக்கும் இன்டர்காமைத் தொடவே பயப்படுவார்கள்.

வ. எழுதியது:
அப்படியானால் வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறாரே, ‘பயனில சொல்லாமை’!

செ. எழுதியது:
அழகுதான். ஆனால் அவசரத்தில் வகுப்பில் யார் சொல்வார்கள்? ‘பணிப்பேச்சு வேளை’ என்றால்?

ம. எழுதியது:
சரி. புரிகிறது. அறையை விட்டு வேளைக்கு வந்தது ரொம்ப நல்லது.

க. எழுதியது:
‘பேச்சு’ கொச்சையாக ஒலிக்கிறது. ‘பணிமொழி வேளை’ என்க.

வ. எழுதியது:
குறள் 1121ஐப் பாருங்கள் ஐயா. பணிமொழி அங்கே இனிய சொல்லுடைய காதலி. காக்பிட்டில் அவளுக்கு என்ன வேலை?

செ. எழுதியது:
‘பணிப்பேச்சு வேளை’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ஸ்டெரைல் காக்பிட் என்றும் சேர்த்திருக்கிறேன்.

க. எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். வலவவறை பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.