பின்ஹோலுக்கு 0.1 மி.மீ. துளையாம்ல!

நாரோயில்_நிழல்: லென்ஸுக்குப் பதிலா ஒரு சின்னத் துளை வழியா படம் எடுக்குத பின்ஹோல் கேமராவுக்கு, நேத்து ஊசிமுனை இங்க ஒரு உபதேசம் பண்ணியிருந்தாரு: "பின்ஹோல் துளை சின்னதாக ஆக படம் தெளிவாகும், கண்ணை மூடிட்டு 0.1 மி.மீ. போடுங்க." அதுக்கு லைக்கு வேற. ஓய், தூரம் பாக்காம துளை சொல்லலாமா? கேனன் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுல மவுண்ட்டுல (லென்ஸ் மாட்டுத வாய்) இருந்து சென்சாருக்கு (படம் விழுத தகடு) 44 மி.மீ. அதை 0.00055-ஆல (பச்சை ஒளியோட அலைநீளம், மி.மீ.ல) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல பெருக்கும். 0.3 வரும்.

ஊசிமுனை: வந்துட்டாரு கணக்கு வாத்தியாரு. சின்னத் துளையில மெல்லிசா ஒளி போகும், மெல்லிசா போனா படம் தெளியும். எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.

நாரோயில்_நிழல்: எட்டாங்கிளாஸோட நின்னா அப்படித்தான். துளை ரொம்ப ஒடுங்கினா ஒளி விளிம்புல வளைஞ்சு விரியும். 44-க்கு 0.1 போட்டா எஃப்/440, அதாவது துளை தூரத்துல 440-ல ஒரு பங்கு. ஒரு புள்ளி 0.6 மி.மீ. பொட்டா விழும். வெளிச்சமும் 0.3-ல வாரதுல ஒன்பதுல ஒரு பங்கு. நல்ல வெயில்ல ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100-ல ஒரு செகண்டுல முடியுத படத்துக்கு ஒன்பது செகண்டு நிக்கணும்.

தக்கலை_தம்பி: அண்ணே, ரெண்டு பேரும் "தெளிவு"ன்னு எதைச் சொல்லுதீங்க? பிறகு, துளையை எப்படிப் போடணும்?

நாரோயில்_நிழல்: குளிர்பான டின்னுல 2 செ.மீ. சதுரம் வெட்டு. அட்டை மேல வச்சு ஊசி நுனியால ஒரு அமுக்கு. பொத்துடாத, மறுபக்கம் குமிழ் வந்தாப் போதும். குமிழை 1000 நம்பர் உப்புத்தாள்ல தேய். மறுபடி அமுக்கு, மறுபடி தேய். ஊசியை முழுசா இறக்கினா போச்சு, 10-ஆம் நம்பர் தையல் ஊசியே அரை மி.மீ. கிட்ட வரும். பிசிறு நின்னா வெளிச்சம் சிதறி படம் வெளிறிடும். ஸ்கேனர்ல 1200 டி.பி.ஐ. (இஞ்சுக்கு 1200 பிக்சல்) வச்சு எண்ணு, குறுக்க 14 பிக்சல் இருந்தா 0.3. பாடி கேப் (லென்ஸ் இல்லாதப்ப கேமரா வாயை மூடுத மூடி) நடுவுல 6 மி.மீ. ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் துருவலைச் சுத்தமாத் துடைச்சிட்டு, தகட்டை உள்பக்கம் கறுப்பு டேப்புல ஒட்டு.

ஊசிமுனை: ஸ்கேனரும் இவருக்கு 0.3-தான் காட்டும். போன மாசம் பி.வி.சி. பைப்புல கேமரா ஸ்டாண்டு செய்யுத பேச்சுலயும் இதே குதிதான்.

நாரோயில்_நிழல்: அரை இஞ்சு பைப்பு குமரிக் கரைக் காத்துல ஆடாம நிக்கும்னு சொன்னது யாருவே? காலுக்குள்ள மணல் நிரப்பணும்னு சொன்னதும் ஆளைக் காணோம்.

முட்டம்_பாறை: கடல் மணலைக் கழுவாம நிரப்பினா போல்ட்டெல்லாம் துருதான். அதை விடுங்க, பின்ஹோலுக்கு முன்னால கண்ணாடி கிடையாது. வள்ளுவர் சிலையைக் கரையில நின்னு எடுக்கணும்னா உப்புச் சாரல் உள்ள போகும். எடுக்காத நேரம் துளை மேல டேப்பு ஒட்டி வைங்க.

நாரோயில்_நிழல்: 0.1 போட்டா சென்சார்ல இருக்குத தூசி ஒவ்வொண்ணும் கரும்புள்ளியா எழும்பும், அதையும் சேத்துக்கிடுங்க.

ஊசிமுனை: அப்ப தூசி மட்டும் தெளிவா விழும், படம் விழாதாக்கும்? கேட்டீங்களா மக்கா!

நாரோயில்_நிழல்: தூசி சென்சாரை ஒட்டிக் கெடக்கு ஓய்! துளை 44 மி.மீ. தள்ளி இருக்கு!

முட்டம்_பாறை: சத்தம் போட்டா 0.3 ஆயிருமா? உப்புக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

தக்கலை_தம்பி: அண்ணே, டின்னோட பளபளப்புப் பக்கம் உள்ளயா வெளியவா?

நாரோயில்_நிழல்: எப்படி வச்சாலும் சென்சார் பாக்குத பக்கம் கறுப்பு மார்க்கர் பூசு. துளை 0.3.

ஊசிமுனை: 0.1.