சுவர்க் காலுக்கு நடுவுல குறுக்குக் கட்டை வேணுமா?

கேள்வி (தலவாக்கலை):
எங்க லயத்துக்குப் பின்னால மரச்சட்டம் போட்டு ஒரு குசினி எடுக்கிறேன். 10 அடிக்கு 8 அடி. சுவர் 8 அடி உயரம், 2 அடிக்கு ஒரு கால் (நிமிர்ந்து நிக்கிற மரம்), எல்லாம் ரெண்டுக்கு நாலு டர்பன்டைன் மரம். மேலயும் கீழயும் சட்டம் இருக்கு, காலுக்கும் காலுக்கும் இடையில, நடு உயரத்துல குறுக்குக் கட்டை அடிச்சா மரம்தான் வீண்னு வேலை செய்ற தச்சு பாஸ் சொல்றார். ஆடிக் காத்துக்கு இங்க கூரைத் தகரமே பறக்கும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் (பண்டாரவளை):
கட்டாயம் அடிங்க தம்பி. 25 வருசமா தச்சு வேலை செய்றேன். காலோட 4 அங்குலப் பக்கம் காத்தைத் தாங்கிரும். 2 அங்குலப் பக்கம்தான் வளையும். 96 அங்குல நீளம், கனத்தைப்போல 48 மடங்கு. நடுவுல ஒரு கட்டை வந்தா 24. நீளம் பாதியானா, அந்தப் பக்கம் வளையாம தாங்குற பாரம் கணக்குப்படி 4 மடங்கு.

டர்பன்டைன் காயக் காய முறுக்கும். என் சொந்த வீட்டுல கட்டை அடிக்காம விட்டேன். மார்கழியில கால் மேல சுவர் ஷீட் அடிச்சோம். சித்திரைக்குள்ள ரெண்டு கால் முறுக்கி, ஷீட்ல ஆணித் தலையைச் சுத்தி தலைமுடி கனத்துக்கு வெடிப்பு. ஒரு இடத்துல நகமே எறங்குச்சு. அம்புட்டையும் கழட்டினேன்.

கட்டைக்கு அளவை நடுவுல எடுக்காதீங்க. கால் ஏற்கனவே வளைஞ்சிருந்தா அந்த வளைவுக்கே கட்டை வெட்டிருவீங்க. கீழ்ச் சட்டத்துக்கிட்ட அளந்து வெட்டுங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு மாத்தி வச்சா நேராவே ஆணி எறங்கும்.

பதில் (ஹட்டன்):
அண்ணன் சொன்னது சரி. ஆனா காத்துக்கு அது மட்டும் பத்தாது. குறுக்குக் கட்டை காலை நேரா வைக்கும், சுவர் மொத்தமா சாயுறதை நிப்பாட்டாது. ஒவ்வொரு சுவர்லயும் மேல் மூலையிலயிருந்து கீழ்ச் சட்டம் வரைக்கும் சாய்வா ஒரு பட்டை, கால்ல வெட்டிப் பதிச்சு அடிங்க. படம் தேடுறதா இருந்தா இங்கிலாந்துல கட்டைக்குப் பேர் நொகிங், ஸ்கொட்லாந்துல டுவாங்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. 8க்கு 4 சிமென்ட் ஷீட்டைப் படுக்க வச்சு அடிக்கப்போறோம். கட்டையை மாத்தி வச்சா ரெண்டு ஷீட் சேர்ற மூட்டுக்குப் பிடிப்பு இருக்காதே?

பதில் (பண்டாரவளை):
நல்லாக் கேட்டீங்க. அப்ப மாத்தி வைக்காதீங்க. மூட்டு 4 அடியில வரும், அங்க எல்லாக் கட்டையும் ஒரே கோட்டுல வரட்டும். ஒரு முனை நேரா, மறு முனை சாய்வா ஆணி. சாமான் வைக்கிற தட்டு மாட்டுற இடத்துல இன்னொரு வரிசை இப்பவே அடிச்சிருங்க, ஷீட் மூடினபிறகு அங்க ஆணிக்குப் பிடிப்பு கிடைக்காது.