பிள்ளை கடிக்கிற றப்பர் பொம்மையை அவிச்சால் பாதுகாப்போ?

உப்புவெளி_அம்மா:
8 மாதப் பிள்ளைக்குப் பல் முளைக்குது. திருமலையில திருவிழாக் கடையில வாங்கின றப்பர் வாத்தும் மாடும் எந்நேரமும் வாயிலதான். லேபல் இல்லை, மணம் கடுமை. வெயில்ல கிடந்த வாத்து பிசுபிசுக்குது. கொதிதண்ணியில அவிச்சால் சரிவருமோ?

பொலிமர்_வாத்தி:
வாத்தை அவிக்க வேண்டாம், வீசுங்கோ. றப்பர் எண்டு விக்கிறதில கனக்க, மென்மையாக்கின பிவிசி எண்ட பிளாஸ்ரிக். பிவிசி இயல்பில விறைப்பு; எண்ணெய் மாதிரியான ப்தலேட் கலந்துதான் வளைய வைப்பினம். அது பிவிசியோட வேதிமுறையில பிணைஞ்சிருக்காது. சூட்டிலயும் எச்சிலிலயும் வெளியில வரும், அந்தப் பிசுபிசுப்பு அதாலதான். அவிச்சால் உள்ள இருக்கிறது இன்னும் மேல வரும், முடிஞ்சு போகாது. டிஇஎச்பி போன்ற ப்தலேட் ஹோர்மோன்களைக் குழப்பும்; ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் பொம்மையில எல்லை 0.1 சதவீதம்.

மாட்டில கெட்டியான ஒரு துண்டை வெட்டி, குமிழி ஒட்டாமல் நல்ல தண்ணிக்குள்ள அமத்தி விடுங்கோ. மிதந்தால் பிவிசி இல்லை. தாண்டால் முடிவு சொல்லேலாது, சுண்ணாம்புத்தூள் கலந்த றப்பரும் தாழும். செப்புக் கம்பியில சுட்டுப் பச்சைச் சுவாலை பாக்கிற முறை குசினிக்கு வேண்டாம். பிவிசி எரிஞ்சால் அமிலப் புகை.

றப்பர்_பால்:
மிதந்தாலும் உடன குடுக்க வேண்டாம், தங்கச்சி. றப்பரைக் கந்தகத்தோட வேகவைக்கேக்க கெதியா வேகத் தையூரம் போன்ற முடுக்கி இரசாயனங்கள் சேர்ப்பினம். அதிலயிருந்து வாற அமீன்கள் நைட்ரோசமீனாக மாறலாம். அது புற்றுநோய்ப் பயமுள்ள சாமான். ஐரோப்பிய விதியில 3 வயசுக்குக் கீழான பிள்ளையளின்ர பொம்மையிலயிருந்து வெளியில வாறதுக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை. இங்கதான் அவிக்கிறது கொஞ்சம் உதவும்: இயற்கை றப்பர் சூப்பி எண்டால் முதல்முறை 5 நிமிசம் அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்தி, உள்ளுக்க நிண்டதையும் பிழிஞ்சு விடுங்கோ. வெடிச்சதும் ஒட்டுறதும் குப்பைக்கு. வாயைச் சுத்திச் சிவந்து தடிச்சால் றப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம், டொக்டரிட்டைக் காட்டுங்கோ. கறுப்பு றப்பர் அறவே வேண்டாம். அதில சேர்க்கிற மலிவான கரியிலயும் எண்ணெயிலயும் பிஏஎச் எண்ட, புற்றுநோய்ப் பயமுள்ள இரசாயனங்கள் இருக்கலாம்.

கடைக்காரத்_தம்பி:
பிவிசிப் பொம்மையை றெஜிபோம் பெட்டியில வைச்சால் தொட்ட இடம் இளகி ஒட்டும், அதுவும் அந்த எண்ணெயின்ர வேலைதான். ஐரோப்பிய விதிக்கு ஏத்தது எண்டு காட்டுற சிஈ குறியை மட்டும் நம்பாதேங்கோ, அது தயாரிப்பாளர் தானே போடுறது. தயாரிப்பாளரின்ர விலாசமும் 'இஎன் 71' எண்ட ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரமும் இருக்கோ பாருங்கோ. பீப்பீ ஊதுற பொம்மையில அடிச் சீழ்க்கை கழண்டால் தொண்டையில அடைக்கும்.

உப்புவெளி_அம்மா:
மாட்டுத் துண்டு மிதந்தது அண்ணா. ஆனால் கறுப்புப் புள்ளி நகத்தால சுரண்டக் கழருது.

பொலிமர்_வாத்தி:
அப்ப அதையும் எடுத்து வையுங்கோ. பெயின்ரில ஈயம் இருக்கோ எண்டு கண்ணால தெரியாது. அமெரிக்க எல்லையே பத்து லட்சத்தில 90 பங்குதான். இப்போதைக்குத் தடிச்ச பருத்தித் துணியைத் தோய்ச்சு, நனைச்சு, பிறிட்ஜில குளிர வைச்சுக் குடுங்கோ. ஐஸாக உறைய விடாதேங்கோ, முரசு நோகும்.