அப்பாவுக்கு மசாஜ் நாற்காலியா, பழைய ஈசி சேரா?

பாளைக்காரன்:
அப்பா ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம் வருகிறதல்லவா, அதற்கு மசாஜ் நாற்காலி ஒன்று வாங்கி அனுப்பப் போவதாகத் துபாயில் இருக்கும் தம்பி நிற்கிறான். விலை லட்சத்தைத் தாண்டுகிறது. நான் வேண்டாம் என்கிறேன். தாத்தா காலத்துத் தேக்கு ஈசி சேர் மச்சில் சும்மா கிடக்கிறது. துணிதான் கிழிந்திருக்கிறதே தவிர, சட்டம் கெட்டியாக இருக்கிறது. சாய்வைக் கூட்டிக் குறைக்கப் பின்னால் மூன்று வெட்டு. துணியின் இரண்டு முனையையும் மடித்துத் தைத்து, உருளைக் கம்பைச் செருகி மாட்டினால் ஆச்சு. அப்புறம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், சாயங்காலம் டவுனுக்குப் போய் இலைத் துண்டில் சுடச்சுட நூறு கிராம் அல்வா. திருநெல்வேலியில் ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன சுகம் வேண்டும்? மறுப்பவர்கள் சொல்லுங்கள், கேட்போம்.

ஷார்ஜா மாப்பிள்ளை:
நான் மறுக்கிறேன் அண்ணாச்சி. பக்கத்திலேயே இருப்பவர்கள் துணி தைத்துக் கொடுத்தே நல்ல பேர் வாங்கிவிடலாம். எங்களைப் போல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன் என்ன செய்வான்? எண்ணெய் தேய்த்துவிட வர முடியுமா? பணம்தான் அனுப்ப முடியும். பொருளாக அனுப்பினால் 'வீண் செலவு' என்கிறீர்கள், பணமாக அனுப்பினால் அப்பா அதை அப்படியே பேங்கில் போட்டுவிட்டுக் கிழிந்த பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். எதைச் செய்தாலும் குற்றம்தான்.

பாளைக்காரன்:
குற்றம் என்று யார் சொன்னது? அந்த நாற்காலி எங்கள் ஹாலில் பாதியை அடைத்துவிடும். கரண்ட் போனால் சும்மா ஒரு மூட்டை. இதில் அப்பாவுக்கு எலும்புத் தேய்மானம் வேறு. டாக்டரைக் கேட்காமல் முதுகைப் போட்டு உருட்டுகிற மெஷினில் உட்கார வைப்பதா?

ஷார்ஜா மாப்பிள்ளை:
அது சரியான காரணம். ஆனால் அதை முதலில் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேனே. தேக்கு, தாத்தா, திருநெல்வேலி என்றல்லவா ஆரம்பித்தீர்கள்?

சேரன்மாதேவி மருமகள்:
நாற்காலியை விடுங்கள். எண்ணெய்க் குளியல் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம். எங்கள் வீட்டில் மாமாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே வேலை ஆரம்பம். சீயக்காய் இருக்கிறதா, வேட்டி துவைத்திருக்கிறதா என்று அத்தை பார்த்தாக வேண்டும். காலையில் நல்லெண்ணெயில் மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சி இறக்கணும். வெந்நீர் பதமாக இருக்கணும். அவர் குளித்துவிட்டு வந்தால் எண்ணெய்த் துண்டு ஒரு பக்கம், குளியலறைத் தரை ஒரு பக்கம். அதைத் தேய்த்து முடிப்பதற்குள் உளுந்து வறுக்க, பூண்டு உரிக்க, தேங்காய் திருவ, எள்ளு அரைக்க. எண்ணெய் தேய்த்த நாளில் மிளகு ரசம் இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகும். எல்லாம் முடிந்து மாமா சாய்ந்து உட்கார்ந்து "இன்னைக்குத்தான் உடம்பு லேசா இருக்கு" என்பார். அத்தைக்கு இருக்குமா?

உங்கள் பட்டியலில் அப்பாவுக்கு இருக்கிற ஒரே வேலை உட்காருவது. மீதி எல்லாம் அம்மாவின் வேலை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா எந்தத் தேதியில் ஓய்வு பெறுகிறார்கள் என்று யாராவது ஆர்டர் போட்டிருக்கிறார்களா?

பாளைக்காரன்:
அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது தங்கச்சி. எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் குடும்பம் எப்படி நடக்கும்?

சேரன்மாதேவி மருமகள்:
இருக்கலாம் அண்ணாச்சி. அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா?

டவுன் பேத்தி:
இந்தச் சண்டை நடுவில் ஒரு வார்த்தை. எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 'சனி நீராடு' என்று ஔவையாரே ஆத்திசூடியில் சொன்னதுதானே. ஆனால் வழுவழு டைல்ஸ் போட்ட குளியலறையில் வயசான ஆளை எண்ணெய்க் காலோடு நிற்க விடாதீர்கள். எங்கள் தாத்தா விழுந்து இடுப்பு எலும்பு ஒடிந்தது அப்படித்தான். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று போட்டு உட்கார வையுங்கள், சுவரில் கைப்பிடி அடியுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பதை வெளியே வராந்தாவில், குளித்து முடித்த பிறகு ராத்திரி வைத்துக்கொள்ளலாம். தம்பியிடம் சொல்லி மசாஜ் நாற்காலிக்குப் பதில் அந்தக் கைப்பிடிக்குக் காசு வாங்குங்கள்.

குறுக்குத்துறை:
வெந்நீர், தரை கழுவுதல் எல்லாம் எதற்கு? ஆற்றில் கொண்டு போய் விடுங்கள் வே. படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முங்கி எழுந்தால் எந்த மெஷினும் கிட்ட வராது. யாருக்கும் வேலை இல்லை.

டவுன் பேத்தி:
எந்த ஆற்றில் அண்ணாச்சி? தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்குப் போனது உங்களுக்குத் தெரியாதா? மேலே பாபநாசம் பக்கம் என்றால் சரி. ஊருக்குள் வேண்டாம்.

குறுக்குத்துறை:
நான் தினமும் குளிக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முருகன் கோயிலே முங்கிப் போச்சு, வடிந்ததும் மறுபடி போய்க் குளித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

டவுன் பேத்தி:
உங்களுக்கு ஆகவில்லை. சரி.

சர்க்கரைக்காரன்:
நூறு கிராம் அல்வாவைப் போகிற போக்கில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள், நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். அல்வா என்பது சம்பாக் கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையும் மாவும் கிராமுக்கு 4. தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்த ருசி என்பார்கள், இருக்கட்டும். அந்தத் தண்ணீர் சர்க்கரையைக் கழுவிவிடாது. உங்கள் அப்பாவுக்குச் சுகர் உண்டா என்று நீங்கள் எழுதவே இல்லை. உண்டு என்றால், வெறும் வயிற்றில் சாயங்காலம் நூறு கிராம் என்பது வம்பு. சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல் அளவு, அதுவும் அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு என்றால் நானே ஆமாம் என்பேன். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

அல்வாவை விட மோசம் 'கருப்பட்டிக் காபிதானே, ஏறாது' என்று இருக்கிற நம்பிக்கை. உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். நம் ஊர் அப்பாக்கள் சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டியில் ரெண்டு டம்ளர் கூடுதலாகக் குடிக்கிறார்கள்.

அம்பைப் பெரியவர்:
நானும் ஒரு அப்பன்தான், அதனால் சொல்கிறேன். இங்கே எல்லாரும் அப்பாவைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒரு அப்பாவும் பேசவில்லை.

என் பிள்ளைகள் காலுக்கு ஒரு மசாஜ் மெஷின் வாங்கித் தந்தார்கள். கூச்சம் தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பேரன் வந்தால் அதில் கார் ஓட்டுகிறான். குறை சொல்லவில்லை, அவர்கள் ஆசைக்கு வாங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஆனி, ஆடியில் மேற்கே இருந்து சாரல் காற்று அடிக்கும் பாருங்கள், அந்த நேரம் திண்ணையில் பத்தமடைப் பாய் விரித்துப் படுக்கணும். கலியாணத்துக்குக் கொடுக்கிற பட்டுப் பாய் இல்லை, சாதாரணக் கோரைப் பாய். முதுகில் படும்போதே ஒரு குளிர்ச்சி. தலைமாட்டில் திருநெல்வேலி வானொலி. சத்தம் எனக்கு மட்டும் கேட்கிற அளவு. யாரும் வந்து "அப்பா, மாத்திரை போட்டாச்சா", "அப்பா, ஏன் இங்கே படுத்திருக்கீங்க" என்று கேட்கக் கூடாது. பாயை நானே துடைத்து நிழலில் உலர்த்தி, சுருட்டி நிறுத்துவேன். ஈரத்தோடு சுருட்டினால் கோரை பூத்துப் போகும், அதனால் வேறு யாரிடமும் விடுவதில்லை.

சேரன்மாதேவி மருமகள்:
நல்லா இருக்கு பெரியப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் திண்ணையில் படுத்திருக்கிற நேரத்தில் உள்ளே சோறு பொங்குவது யார்?

அம்பைப் பெரியவர்:
கோபம் என்ன மக்கா. சனி, ஞாயிறு நான்தான். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வந்த பிறகு பழகிக்கொண்டேன். உளுந்தஞ்சோறு என்ன பெரிய வித்தை? அரிசி ரெண்டு பங்கு, உடைத்த கறுப்பு உளுந்து ஒரு பங்கு. உளுந்தைத் தோலோடு வாசம் வருகிற வரை வெறும் சட்டியில் வறுக்கணும். உரித்த பூண்டை நறுக்காமல் முழுசாகப் போடணும், கொஞ்சம் வெந்தயம், ஒரு கை தேங்காய்ப்பூ, உப்பு. தண்ணீர் சாதாரணச் சோற்றுக்கு வைப்பதை விடக் கூட. குழைவாக இறங்கினதும் நல்லெண்ணெய் ஒரு கரண்டி. துவையலுக்கு எள்ளை வெடிக்கிற பதத்தில் இறக்கிவிடணும், ஒரு நிமிஷம் விட்டால் கசந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள். அடுப்படியில் நின்று செய்வதே எனக்கு இப்போது பொழுதுபோக்கு.

பாளைக்காரன்:
உங்கள் வீட்டில் சரி ஐயா. எங்கள் அப்பா தண்ணீர் கூட மோந்து குடித்ததில்லை. இந்த வயசில் போய்க் கரண்டியைக் கையில் கொடுத்தால் அதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

அம்பைப் பெரியவர்:
கரண்டியை அவர் பிடிக்க வேண்டாம். நீர் பிடியும் வே.

ஷார்ஜா மாப்பிள்ளை:
இந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

பாளைக்காரன்:
சிரியுங்கள். சனிக்கிழமை எனக்கும் வேலை நாள்தான், ஞாயிறு வேண்டுமானால் பார்க்கலாம். ஆனால் ஈசி சேரை நான் விடப் போவதில்லை. பாளையில் அதற்கான கெட்டித் துணி தைக்கிற ஆள் யாராவது உண்டா? சாதாரண டெய்லர் தைத்தால் பாரம் தாங்காமல் மடிப்பில் விட்டுவிடும்.

டவுன் பேத்தி:
தார்ப்பாய், பந்தல் துணி தைக்கிற கடையில் கேளுங்கள். கம்பு செருகுகிற மடிப்பில் ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். பழைய துணியை அளவுக்குக் கொண்டு போகாதீர்கள், அது இழுத்து இழுத்து நீண்டிருக்கும். அதே அளவில் வெட்டினால் அப்பா தரையைத் தொட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

துபாய் தம்பி:
அண்ணன் என்னைப் பற்றி எழுதியிருப்பதாக ஒரு நண்பன் சொல்லி வந்து பார்த்தேன். நாற்காலிக்கு இன்னும் பணம் கட்டவில்லை, யாரும் பதற வேண்டாம். எலும்புத் தேய்மானம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அண்ணே? இன்று ராத்திரி அப்பாவுக்கே போன் போட்டு, என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேட்கிறேன்.

சேரன்மாதேவி மருமகள்:
அப்பாவிடம் கேட்டால் "எனக்கு எதுக்குலே, ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். அம்மா "அப்பாவுக்குப் பிடிச்சதா பாத்து வாங்கு" என்பார்கள். ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, தனித்தனியாகப் போடுங்கள் தம்பி. அம்மாவுக்கு முதலில்.